வெள்ளைக்குள் எத்தனை நிறம்!

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, காரணமே இல்லாமல் எனக்கு அழுகை அழுகையாய் வரும். டாக்டரம்மா மருந்தும் கொடுத்து, "தினம் ஒரு மணி நேரம் உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க" என்றார். மாமியார்தான், "கல்யாணத்துக்கு முன்னால படம் போடுவியேம்மா, எடேன்" என்று பரண் மேலிருந்த வர்ணப் பெட்டியை இறக்கித் தந்தார்.

ஆயில் பெயின்டிங் சொல்லித்தர ஆள் இல்லை. சரி, ஒரு பெரியவரின் படத்தைப் பார்த்தே பழகுவோம் என்று துணிந்தேன். ரவிவர்மா 1893-ல் வரைந்த, 'அதோ அப்பா வருகிறார்' படம். குழந்தையோடு நிற்பவர் அவருடைய மகள் மகாபிரபாதான். ரவிவர்மாவும், 1868-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்த்தே நிறையத் தெரிந்துகொண்டாராம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது!

அச்சுப் படத்தில் ஓர் அங்குலக் கட்டம், கான்வாஸில் இரண்டு அங்குலக் கட்டம். கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்தேன். பிறகு பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து நிழலை மட்டும் தீட்டினேன். அது காய்ந்தபின்தான் வர்ணம். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூட. மாறிப்போனால் படம் வெடிக்கும்.

சேலையில்தான் திணறினேன். ட்யூபிலிருந்த வெள்ளையை அப்படியே பூசினால், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது! சுரண்டிவிட்டு, மூன்று நாள் படத்தை வெறுமனே பார்த்தேன். மடிப்புக்குள் சாம்பல், வெளிச்சத்தில் இளமஞ்சள். சுத்த வெள்ளை இரண்டொரு தீற்றல்தான்!

ஒரு மத்தியானம் சின்னவள் டர்பன்டைன் வைத்திருந்த டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டாள். மாமியார் பாய்ந்து பிடுங்கினார். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. சகோதரிகளே, சமையல் பாத்திரத்தில் அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். இறுக மூடிய பாட்டிலில், எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வரையுங்கள். ஈயம் கலந்த வெள்ளை வேண்டாம், டைட்டானியம் வெள்ளை போதும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

படம் முடிய நான்கு மாதம் ஆயிற்று. பின்பக்கம், 'ரவிவர்மா படத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி வைத்தேன். முகம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் கொடியில் காயும் வேஷ்டியைப் பார்த்தால் நிறம் தேடுகிறேன். அந்த அழுகையும் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது.