யாரும் விசாரிக்காத ஆயில்

கார் வைத்திருப்பவரிடம் எஞ்சின் ஆயில் எப்போது மாற்றினார் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். சிலர் கிலோமீட்டர் கணக்கோடு சொல்வார்கள். அதே ஆளிடம் பின்பக்க டிஃபரன்ஷியல் ஆயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதுல தனியா ஆயில் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்.

காரணம் சாதாரணமானது. எஞ்சினுக்கு டிப்ஸ்டிக் உண்டு, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் உண்டு. பாவம் டிஃபரன்ஷியலுக்கு ரெண்டுமே கிடையாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது வண்டிக்கும் பொருந்துகிறது :-)

முதலில், இது எல்லா வண்டிக்கும் உள்ள பிரச்சினை இல்லை. மாருதி 800 மாதிரி முன்சக்கரம் இழுக்கிற கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும், ரெண்டுக்கும் ஒரே ஆயில்தான். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகளில்தான் பின் ஆக்சிலின் நடுவில் பானை மாதிரி ஒன்று தனியாகத் தொங்கும். அம்பாசிடர் தயாரிப்பு 2014-லும் ஆம்னி தயாரிப்பு 2019-லும் நின்றுவிட்டது. ஆனாலும் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டும் கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டும் இவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பேச்சு இந்த மாதிரி வண்டிகளைப் பற்றித்தான்.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு வழிசெய்வது டிஃபரன்ஷியல். அதற்குள் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் பெரும்பாலான வண்டிகளில் ஹைபாய்டு வகை. பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், கடுமையான அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே தாங்காது. அதனால்தான் இந்த ஆயிலில் கந்தகம் கலந்த சேர்மானங்கள் போடுகிறார்கள். கேனைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நாற்றம் அதுதான்.

வருஷக்கணக்கில் அதே ஆயில் கிடந்தால் அந்தச் சேர்மானம் தீர்ந்துபோகும். இரும்புத்தூள் சேரும், ஈரமும் இறங்கும். ஒருநாள் பின்பக்கம் "ஊங்ங்..." என்று சத்தம் கேட்கும். அப்போது புது ஆயில் ஊற்றினால் பெரிதாகப் பலன் இல்லை. தேய்ந்த பல் திரும்ப வளராது.

"பழைய வண்டிதானே, அதுக்கு எதுக்கு செலவு?" என்பார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ரெண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு வருஷம் 15 சதவீதம் குறையும் மதிப்பில் தேய்மானம் எழுதினால், 15 வருஷம் கழித்துப் புத்தகத்தில் இருப்பது சுமார் 17,500 ரூபாய். ஆனால் அந்த வண்டி செய்கிற வேலை ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா? இல்லையே! அதே லோடு, அதே தூரம். இன்னொரு வண்டி வாங்க வசதி இல்லாதவர்தான் பெரும்பாலும் பழைய வண்டியை ஓட்டுகிறார். கிரவுன் போனால் வண்டியோடு அவர் பிழைப்பும் சில நாள் படுத்துவிடும். ஆயில் மாற்றுவது வருவாய்ச் செலவு. அதைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் பெரிய செலவாக வந்து நிற்கும்.

சரி, வீட்டிலேயே செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்த வேண்டும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இந்த வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கும் சரி, போட்டுவைத்த கியரும் சரி, பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ரெண்டும் பிரயோஜனமில்லை. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, முதலில் திறக்க வேண்டியது ஊற்றுகிற பிளக்கை. இருந்த ஆயிலையெல்லாம் கீழே வடித்துவிட்டு, ஊற்றுகிற பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும். அது அசையவே இல்லையா? வம்பு வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போய்விடலாம். வடிந்த ஆயிலில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் பயமில்லை. உலோகத் துணுக்கு வந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பிறகு கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை, வண்டி சமமாக நிற்கும் நிலையில், துளையின் விளிம்பில் லேசாக வழியும் வரை ஊற்றி மூடினால் முடிந்தது.

வடித்த ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் இதைச் செய்யாமல் இருப்பதே ஊருக்கு நல்லது. பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் வருட விதிகளின்படி அபாயகரமான கழிவு. பழைய கேனிலேயே பிடித்து, மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

மெக்கானிக் செய்தால் போதாதா என்றால், போதும். ஆனால் கேட்காமல் அவரும் அந்தப் பக்கம் போகமாட்டார். வீட்டில் செய்கிறவருக்கு ஆயிலின் நிறமும் தெரியும், பழைய சீல் கசிகிறதா என்பதும் தெரியும். அதனால் பின்சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை கையேட்டை எடுத்து, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது என்று பார்க்கலாம். கடைசியாக எப்போது மாற்றியது என்று வீட்டில் யாருக்குமே ஞாபகம் இல்லையென்றால், மாற்ற வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது என்று அர்த்தம்.