குப்பைக் கூடைக்கும் ஒரு கணக்கு



மாதம் பிறந்ததும் மளிகைச் சீட்டு எழுத உட்காருகிறோம். துவரம்பருப்பு என்ன விலை, எண்ணெய் எந்தக் கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்றெல்லாம் விசாரித்து வாங்குகிறோம். வாங்கியதில் எவ்வளவு வயிற்றுக்குப் போனது என்று மட்டும் பார்ப்பதில்லை. வரவு செலவு நோட்டில் ‘காய்கறி 450’ என்று எழுதுவதோடு சரி. அதில் வாடிப்போன கீரைக்கட்டும், பைக்கு அடியில் நசுங்கிய தக்காளியும் எந்த வரியிலும் ஏறுவதில்லை.

2022-ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் அதில் 60 சதவீதம் வீடுகளில் கொட்டியது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ என்கிறது அந்த அறிக்கை. தோல், எலும்பு எல்லாம் சேர்ந்த கணக்குதான். அப்படியே வைத்துக்கொண்டாலும் நாலு பேர் உள்ள வீட்டில் தினம் 600 கிராம். சாதாரண அளவா அது?

இந்தக் கொட்டும் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் சின்ன மெஸ் நடத்துகிறவர்கள். பார்க்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஒரு சாப்பாடு 80 ரூபாய், எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிப்போன ஒரு சாப்பாட்டைக் கொட்டினால் அரிசி, பருப்பு, காய் என்று சரக்குக்கு மட்டும் 40 ரூபாய் நஷ்டம். அதை மீட்க இன்னும் 5 சாப்பாடு விற்க வேண்டும். மதியம் பத்துச் சாப்பாடு மிஞ்சினால் ஐம்பது பேருக்குப் பரிமாறிய உழைப்பு போச்சு.

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கணவனும் மனைவியுமாக நடத்தும் மெஸ்ஸில் மொத்தச் சோற்றையும் காலையிலேயே வடித்து வைப்பதில்லை. பன்னிரண்டரைக்குக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது உலை ஏறும். பொரியலை முதலில் ஒரு கரண்டி வைப்பார்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் மறுபடி வைப்பார்கள். அந்த அம்மா தினமும் விசாரிப்பது இலை எடுப்பவரிடம். எந்தக் காய் இலையிலேயே கிடக்கிறது என்பது கல்லாவில் இருப்பவரைவிட அவருக்குத்தான் தெரியும். கோவைக்காய் தொடர்ந்து மிஞ்சினால் மறுவாரம் கோவைக்காய் இருக்காது. வியாபாரப் படிப்புக்குப் போகாமலே கற்ற வியாபாரம் இது.

வீட்டிலும் இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல. ஒருமுறை அரைத்த மாவு முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் பச்சைமிளகாயோடு ஊத்தப்பம். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். வடித்த சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் குப்பைக் கூடை காலியாக இருப்பதற்குக் காரணம், மிஞ்சியதையெல்லாம் அம்மா சாப்பிட்டுவிடுகிறாள். நேற்றைய குழம்பும், குழந்தை வைத்துவிட்டுப் போன பாதி தோசையும் அவள் தட்டில். இதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அளந்து சமைக்காததன் சுமையை ஒருத்தி வயிற்றில் இறக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். மிஞ்சியதை எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிட்டால் மறுநாள் உலையில் போடும் அரிசி தானாகக் குறையும்.

விசேஷ வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. மிஞ்சினால் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறோம், நல்ல மனசுதான். ஆனால் கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும்போது நினைத்தால் பிரயோசனமில்லை. சமைத்த உணவு சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது; சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சும் உணவைச் சேகரித்து வழங்குவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-லேயே விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளும் இல்லத்தை முந்தின நாளே கேட்டு வையுங்கள். பரிமாறாத உணவைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கச் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். நாம் சாப்பிடத் தயங்குவதை இன்னொருவருக்குக் கொடுப்பது தானமாகாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஒரு வாரம் உங்கள் வரவு செலவு நோட்டில் ‘கொட்டியது’ என்று ஒரு பத்தி போடுங்கள். என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை, ஏன் மிஞ்சியது, இவ்வளவு போதும். மெஸ், கேட்டரிங், பேக்கரி நடத்துபவர்களும் எழுதுங்கள். ஏழாம் நாள் கூட்டிப் பார்த்து வந்த தொகையை எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் கணக்குகளையும், நீங்கள் கண்டுபிடித்த வழிகளையும் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்