பால் மறக்கும் பருவம்

குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கச் செய்யவேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் நமது வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வேப்பிலை. அதை அரைத்து மார்பில் பூசு என்பார் ஒருவர். கற்றாழைதான் நன்றாய்க் கசக்கும் என்பார் இன்னொருவர். நாலு நாள் பாட்டி வீட்டில் விட்டுவிடு, அழுது ஓய்ந்துவிடும் என்பார் மூன்றாமவர். எல்லோரும் குழந்தையிடம் அன்புள்ளவர்களே. ஆயினும் மூவர் சொல்வதன் சாரமும் ஒன்றுதான்: குழந்தையை ஏமாற்று என்பது. பசிக்கும் பயத்துக்கும் உறக்கத்துக்கும் ஒரே புகலாக இருந்த இடம் ஒருநாள் காலையில் காரணமின்றிக் கசந்துபோனால் அந்தச் சிசுவின் மனம் என்ன பாடுபடும்! தாய்க்கும் இதனால் துன்பமே. திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாய் இறுகி, சில சமயம் வீக்கமும் சுரமும் கண்டுவிடுகின்றன.

இத்தனை தொல்லைக்கும் காரணம், பால் மறப்பதையும் பாத்திரத்தில் குடிக்கக் கற்பதையும் ஒரே நாளில் நடத்த முயல்வதுதான் என்பது நமது அபிப்பிராயம். ஒன்றை நிறுத்தும் நாளிலேயே மற்றொன்றைத் தொடங்கினால் குழந்தை கிண்ணத்தைச் சத்துருவாகவே பாவிக்கும். கிண்ணம் முன்பே பழகிய சிநேகிதனாக இருந்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது.

நிறுத்துவதற்கு அவசரம் யாதொன்றும் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் வேறு ஆகாரத்துடன் இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஒரு வயதானால் தாய்ப்பால் வெறும் தண்ணீராகிவிடும் என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. இரண்டாவது வயதிலும் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அதுவே தரக்கூடும். ஆகவே பாலை எப்பொழுது நிறுத்துவதென்பது தாயும் குழந்தையும் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அடுத்த வீட்டார் அல்ல. கிண்ணத்தை மட்டும் ஆறாவது மாதம் முடிந்து, பருப்பும் சாதமும் ஊட்டத் தொடங்கும்போதே அறிமுகப்படுத்திவிட வேண்டும்.

விசேஷமான பாத்திரம் எதுவும் தேவையில்லை. விளிம்பு மழுங்கலாயுள்ள சிறிய எவர்சில்வர் கிண்ணமோ, சின்ன டம்ளரோ போதும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையோ, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலையோ அதில் கொஞ்சம் விட்டு, குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு, கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் பொருத்திச் சற்றே சாய்க்க வேண்டும். பால் உதட்டைத் தொடுகிற அளவு சாய்த்தால் போதும், வாயினுள் ஊற்றலாகாது. குழந்தை நாக்கை நீட்டித் துழாவும், உறிஞ்சும், பாதியைச் சிந்தும். முதல் மாதம் உள்ளே போவதைவிட வெளியே போவதே அதிகமாயிருக்கும். இதற்காகக் கோபிக்கிற பெரியவர்கள், தாங்கள் காபி குடிக்கக் கற்ற நாளை மறந்தவர்கள்! ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் கிண்ணத்தைத் தானே இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும்.

நமது வீடுகளில் சங்கு இருக்கிறதே என்று வாசகிகள் கேட்கலாம். பாலாடை என்றும் சிலர் சொல்லும் அந்தச் சிறிய மூக்குள்ள பாத்திரம் மிகச் சிறந்த சாதனம். குறைமாதத்தில் பிறந்து மார்பைப் பற்றி உறிஞ்ச வலுவில்லாத சிசுக்களுக்கு ஆஸ்பத்திரிகளில் இன்றும் தாய்ப்பாலை அதனால் கொடுக்கிறார்கள். குறை சங்கில் இல்லை, அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. காலை நீட்டிக் குழந்தையை மல்லாக்கப் போட்டு, அது வீறிடும்போது தொண்டையில் ஊற்றுவது அபாயம். பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். புகட்டுவது வேறு, குடிக்க விடுவது வேறு.

புட்டியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மார்பிலிருந்து கிண்ணத்திற்குப் போகும் வழியில் ரப்பர் காம்பு வைத்த புட்டி அவசியமான ஒரு படி என்று பலர் நினைக்கிறார்கள். அது படியன்று, சுற்றுவழி. அதன் காம்பிலும் இடுக்கிலும் தங்கும் பால் நமது வெயிலில் வெகு சீக்கிரம் கெட்டுப்போய் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. புட்டியைக் கவ்விக்கொண்டே உறங்கும் குழந்தைக்குப் பல் சொத்தையாகிறது. மேலும், மார்பை மறந்த குழந்தைக்குப் பிறகு புட்டியையும் மறக்கச் செய்யவேண்டும். ஒரு தொல்லைக்கு இரண்டு! 1939இல் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் சிங்கப்பூரில் பேசும்போது, தாய்ப்பாலுக்குப் பதிலாக டப்பாப் பாலை விற்கும் வியாபாரத்தைக் கொலைக்கு ஒப்பாகவே கண்டித்தார். உலகம் அவர் சொல்லைச் செவிமடுக்க நெடுங்காலம் ஆயிற்று. 1981இல் இவ்வியாபாரத்துக்குச் சர்வதேச நெறி வகுக்கப்பட்டது. நமது பாராளுமன்றம் 1992இல் சட்டமே இயற்றி, பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. நமது தேசம் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. ஆனால் சட்டம் கடை விளம்பரத்தைத்தான் தடுக்கும். குழந்தையைப் பார்க்க வருகிற உறவினர் புட்டியைப் பரிசாகக் கொண்டுவருவதை யார் தடுப்பது?

ஒரு வயதுக்குமுன் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலைக் கொடுப்பதை நமது குழந்தை வைத்தியர்கள் விரும்புவதில்லை. அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதற்குள் தாய்ப்பாலை நிறுத்த நேர்ந்தால் வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும். வயது நிறைந்தபின் காய்ச்சிய பசும்பாலைத் தண்ணீர் கலவாமல் கிண்ணத்தில் கொடுக்கலாம். எனினும் நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம். பாலே வயிற்றை நிரப்பினால் சாதம், கீரை, பருப்பு, முட்டை இவற்றுக்கு இடமிராது. குழந்தை கொழுகொழுவென்று இருந்துகொண்டே இரத்தசோகைக்கு ஆளாகும்.

இனி நிறுத்தும் முறை. முதலில் நடுப்பகல் வேளை ஒன்றை மட்டும் விட்டு, அந்நேரத்தில் கிண்ணமும் ஏதேனும் சிற்றுணவும் கொடுக்கவேண்டும். ஒரு வாரம் சென்றபின் அடுத்த வேளை. இப்படிப் போனால் தாயின் பாலும் தானே வற்றும். மார்பு கனத்தால் ஆறுதலுக்கு வேண்டிய மட்டும் பீய்ச்சி விட்டால் போதும். உறங்கும் வேளைப் பாலைக் கடைசியாக வைத்துக்கொள்வது உத்தமம். ஏனெனில் அப்பொழுது குழந்தை தேடுவது பாலையன்று, தாயை. அந்தச் சில இரவுகள் தகப்பனாரோ பாட்டியோ தோளில் போட்டுத் தூங்கவைக்கலாம். தகப்பனார்களுக்கு இது தெரியாத வித்தை என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இடையில் குழந்தைக்குச் சுரமோ பேதியோ கண்டால் முயற்சியை நிறுத்திவைத்து, கேட்டபோதெல்லாம் தாய்ப்பால் கொடுப்பதே சரி. உடம்பு தேறியபின் மறுபடி நடுப்பகல் வேளையிலிருந்து தொடங்கலாம். இரண்டொரு வாரம் தாமதமாகும், அவ்வளவே.