செயின் நீள்வதில்லை, தேய்கிறது

நேற்று லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரோட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். பின்னால் பள்ளிப்பையோடு மகள். செயின் கடகடவென்று அடித்தது. "லூஸாயிடுச்சு சார், ஒரு லிங்க் வெட்டிட்டேன், மறுபடியும் சத்தம்" என்றான்.

லிங்க் வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீள்வதற்குச் செயின் என்ன ரப்பரா? உள்ளே பின்னும் புஷ்ஷும் தேய்வதால்தான் நீளம் கூடுகிறது. எல்லா லிங்க்கும் தேய்ந்திருக்க, ஒன்றை எடுத்தால் மற்றவை சரியாகுமா? ஓட்டத்தில் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் விழுவது அவன் மட்டுமல்ல. செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

செலவு அதிகம் என்கிறீர்களா? அப்படியானால் பராமரியுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு, துரு சீக்கிரம் பிடிக்கும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த பிறகும் துடைத்து, செயின் லூப் அடியுங்கள். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயில் வேண்டாம். அதில் அழுக்கும் இரும்புத்தூளும் இருக்கும். தொய்வு பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுத் தொடுங்கள், விரல் முக்கியம்.

"இந்த வாரமே மாத்திடறேன் சார்" என்றான். வகுப்பிலும் இப்படித்தான் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.