பாணும் பனினோவும்

விடுமுறை வந்துவிட்டால் மாத்தளை மக்கள் பலரின் நாட்டம் ரிவர்ஸ்டன் பக்கம் திரும்பும். நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த அவ்வுயரத்தில் குளிர்காற்று ஓயாது வீசும். அக்காற்றில் நடந்து வீடு திரும்பும் பிள்ளைகள் முதலிற் கேட்பது சுடச்சுட ஏதேனும் ஓர் உணவையே. இறைச்சியும் சீஸும் வைத்து வெதுப்பும் இத்தாலியச் சிற்றுண்டி அவ்வேளைக்கு மிகவும் ஏற்றது.

பெயரைக் கேட்டு மலைக்கவேண்டியதில்லை. ‘பனினோ’ என்றால் இத்தாலிய மொழியிற் சிறிய பாண் என்று பொருள். நமது ‘பாண்’ போர்த்துக்கேயர் தந்த சொல். இரண்டும் ‘பானிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. சுவையிலும் உறவு உண்டு. இத்தாலியர் தூவும் ஒரிகானோ இலைக்கு மணந்தரும் கார்வக்ரோல் என்னும் பொருள், நம் முற்றத்துக் கற்பூரவள்ளியிலும் இருக்கின்றது.

நால்வருக்கு எலும்பு நீக்கிய கோழியிறைச்சி 250 கிராம் போதும். அதனை உப்பும் மாத்தளை மிளகும் சேர்த்து நன்றாக வேகவைத்து உதிர்த்துக்கொள்க. 2 தக்காளி, 4 பல் பூண்டு, 2 கற்பூரவள்ளி இலை ஆகியவற்றை நறுக்கி, நீர் வற்றுமட்டும் வதக்குக. ஈரம் எஞ்சினால் பாண் குழைந்துவிடும். நீண்ட பாணைப் பிளந்து உட்புறத்தில் வெண்ணெய் பூசி, தக்காளி, இறைச்சி, துருவிய சீஸ் 150 கிராம் என்ற முறையில் அடுக்கி மூடுக. 180 பாகைச் சூட்டில் 10 முதல் 15 நிமிடம் வெதுப்பினால் சீஸ் உருகிப் பாண் மொறுமொறுப்பாகும். வெதுப்படுப்பு இல்லாதோர் தோசைக்கல்லில் வைத்து, மூடியிட்டு, சிறுதீயில் இருபுறமும் திருப்பிச் சூடாக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: இதனைப் பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கவேண்டாம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் விரைவாகப் பெருகும். மலையுச்சி குளிர்ந்திருந்தாலும், பேருந்தில் பைக்குள் இருக்கும் பொட்டலம் குளிர்ந்திராது. சமைத்த இறைச்சியை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருத்தல் ஆகாது. பாணையும் வாழைப்பழத்தையும் பயணத்துக்குக் கொடுத்து, இதனை வீட்டிலே ஆக்கி உடன் பரிமாறுங்கள்.

மரக்கறி உண்ணும் பெரியோர் உள்ள இல்லங்களில், இறைச்சிக்குப் பதிலாகக் காளானோ கத்தரிக்காயோ வதக்கி வைக்கலாம். அவர்களுடையதை முதலில் வெதுப்பி எடுத்துவிடுங்கள். சீஸிலும் கவனம் வேண்டும். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் நொதியத்தால் உறையவைக்கப்படுவது. நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற நொதியத்தாற் செய்யும் சீஸும் கடைகளில் உண்டு. வாங்குமுன் உறையிலுள்ள குறிப்பைப் படியுங்கள். பாட்டியார் ஐயமின்றி உண்ண, பேரப்பிள்ளைகள் உடனிருந்து உண்ணும் மாலைக்கு இச்சிறு சிரமம் தகும்.