ஸ்கேனில் ‘ஜவ்வு கிழிசல்’ என்று வந்தாலே ஆபரேஷன்தானா?

நாற்பது வயதைத் தொடும் ஓர் ஐ.டி. ஊழியர். இரண்டு மாதமாக மாடிப்படி இறங்கும்போது முழங்காலின் உள்பக்கத்தில் வலி. எங்கேயும் விழவில்லை, அடிபட்ட ஞாபகமும் இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் சுருக்கென்று பிடிக்கிறது. டாக்டரிடம் போகிறார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வருகிற பதில் பலருக்கும் பழக்கமானது: “ஜவ்வு கிழிஞ்சிருக்கு சார். சின்ன ஆபரேஷன்தான், கீஹோல். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம். இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு ‘இருக்கு’ என்று பதில் வந்துவிட்டால், பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த மாதிரியான முழங்காலுக்கு ஆபரேஷன் எந்த அளவுக்கு உதவும் என்பதை எலும்பு மருத்துவ உலகம் கடந்த இருபது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வந்த முடிவுகள் கத்திக்குச் சாதகமாக இல்லை.

முதலில் ‘ஜவ்வு’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் அதற்கு ஜவ்வு என்றுதான் பெயர். உண்மையில் அங்கே இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு. கபடியிலும் ஃபுட்பாலிலும் கால் திருகி, ‘டப்’ என்ற சத்தத்தோடு அறுவது பெரும்பாலும் முன்புறக் குறுக்கு லிகமென்ட்தான், டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். இன்னொன்று மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே, பிறை வடிவில் இருக்கும் ரப்பர் மாதிரியான மெத்தை. ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு உண்டு. கயிறு அறுந்தால் மூட்டு ஆடும். மெத்தை ஓரத்தில் நைந்தால் பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டையும் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கும்போது, நோயாளி மனதில் வருவது அறுந்துபோன கயிறுதான். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

மெனிஸ்கஸ் வயதோடு நைவது, தலைமுடி நரைப்பதைப் போல. 2008-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 வயதைத் தாண்டிய 991 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். வலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஆள் எடுக்கவில்லை. மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு, முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை! அதாவது ஸ்கேனில் தெரியும் கிழிசலும் உடம்பில் இருக்கும் வலியும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வலியோடு வந்தவருக்கு ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். வலியே இல்லாத அவருடைய அண்ணனுக்கு எடுத்தாலும் தெரியலாம்.

தோலை மட்டும் வெட்டிய ஆபரேஷன்

ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு அப்படி ஒரு சோதனை முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் இருந்த டாக்டர்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூட்டுக்குள் சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு மூட்டைக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மூன்று சின்ன வெட்டு போட்டுத் தைத்து அனுப்பினார்கள். உள்ளே கருவியே போகவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2002-ல் இது வெளியானபோது எலும்பு மருத்துவர்கள் பலர் கொந்தளித்தார்கள். ‘தேய்ந்த மூட்டுக்கு அப்படித்தான், கிழிந்த மெனிஸ்கஸ் வேறு விஷயம்’ என்பது அன்றைய முக்கியமான வாதம்.

அதற்குப் பதில் பின்லாந்திலிருந்து 2013-ல் வந்தது. தேய்மானம் இல்லாத, ஆனால் மெனிஸ்கஸ் நைந்து கிழிந்த, 35 முதல் 65 வயதுக்குள் இருந்த 146 பேர். நாம் மேலே பார்த்த ஐ.டி. ஊழியரின் முழங்கால் மாதிரியேதான். பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஆபரேஷன் நடப்பதுபோல நடித்தார்கள்: சர்ஜன் கருவிகளைக் கேட்கிறார், காலை மடக்குகிறார், உறிஞ்சும் மெஷின் சத்தம் போடுகிறது, அதே நேரம் தியேட்டரில் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு கழித்து இரண்டு குழுவுமே நன்றாகத் தேறியிருந்தது. வித்தியாசம்தான் இல்லை.

கவனிக்க வேண்டியது அந்தத் ‘தேறியிருந்தது’ என்பதை. “எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் சரியாயிடுச்சே” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே சரியாகியிருக்கிறது. காலம், ஓய்வு, நம்பிக்கை, அதற்குப் பிறகு செய்த உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலைக்குக் கத்தி பேர் வாங்கிக்கொள்கிறது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் நிபுணர் குழு, தேய்மானம் சார்ந்த முழங்கால் பிரச்சினை உள்ள ஏறத்தாழ எல்லோருக்குமே கீஹோல் ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. கிழிசல் இருக்கிறது என்பதற்காகவும் கூடாது என்பது அந்தப் பரிந்துரையிலேயே அடக்கம்.

தோள்பட்டையிலும் இதே கதை

கையை மேலே தூக்கும்போது தோள்பட்டையில் வலி வந்தால், ‘மேலே இருக்கும் எலும்பு தசைநாரை உரசுகிறது, கொஞ்சம் சீவிவிட்டால் சரியாகிவிடும்’ என்பது பல ஆண்டு காலம் சொல்லப்பட்ட விளக்கம். கேட்பதற்கு மர வேலை மாதிரி தெளிவாக இருக்கும். பிரிட்டனில் 313 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பைச் சீவினார்கள், ஒரு குழுவுக்கு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்கள், ஒரு குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. 2018-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: சீவியதற்கும் சீவாததற்கும் வித்தியாசம் இல்லை. எதுவும் செய்யாதவர்களைவிட ஆபரேஷன் குழுக்கள் கொஞ்சம் முன்னே இருந்தன, ஆனால் அது நோயாளி உணரும் அளவுக்கு இல்லை.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது ஃப்ரோசன் ஷோல்டர். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்க முடியாது, முதுகுப்பக்கம் ஹூக் மாட்ட முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். சிலருக்குத் தோள் இறுகிய பிறகு டெஸ்ட் எடுத்துத்தான் சர்க்கரையே தெரியவருகிறது. 503 பேரை வைத்து 2020-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மயக்கம் கொடுத்துத் தோளைத் திருப்பிவிடுவது, கீஹோலில் இறுக்கத்தை வெட்டிவிடுவது, ஊசியோடு முறையான பிசியோதெரபி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓர் ஆண்டில் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக ஜெயிக்கவில்லை. அப்படியானால் எதிலிருந்து தொடங்க வேண்டும்? உடம்பை வெட்டாததிலிருந்துதானே!

கத்தி வேண்டிய இடமும் உண்டு

இதைப் படித்துவிட்டு ‘ஆபரேஷனே மோசடி’ என்று முடிவுக்கு வந்தால் அதுவும் தப்பு. ‘ஆபரேஷன் இல்லாமல் முட்டி வலி போகும்’ என்று எண்ணெய் விற்கும் யூடியூப் வீடியோக்களுக்கு இந்த ஆய்வுகள் ஆதரவு கிடையாது.

முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால், கிழிந்த மெனிஸ்கஸ் மடிந்து நடுவே சிக்கியிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. இருபது வயதில் விளையாட்டில் கிழிந்த மெனிஸ்கஸை, முடிந்தால் தைத்துக் காப்பாற்ற வேண்டும். விழுந்த அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால், தோள் தசைநார் முழுதாக அறுந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கி, தைப்பதே கஷ்டமாகிவிடும். பள்ளி, கல்லூரி வயதில் தோள்பட்டை ஒருமுறை கழன்றால் மறுபடி மறுபடி கழலும் வாய்ப்பு அதிகம். அந்த வயதில் விளையாட்டு வீரருக்கு ஆபரேஷனைச் சீக்கிரமே பேசுவது நியாயம். (கழன்ற தோளை மைதானத்தில் நண்பர்களே இழுத்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எலும்பு முறிந்திருந்தாலும், நரம்பு மாட்டியிருந்தாலும் வெளியே தெரியாது.) காய்ச்சலோடு மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏ.சி.எல். விஷயத்தில் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஸ்வீடனில் புதிதாக ஏ.சி.எல். அறுந்த 121 இளைஞர்களில் ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறுபாதியான 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டில் அந்த 59 பேரில் 23 பேர்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள். இரு பக்கமும் முடிவு ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் அடிபட்டு நாளாகியும் கால் நழுவிக்கொண்டே இருப்பவர்களை மட்டும் எடுத்து பிரிட்டனில் சோதித்தபோது, 2022-ல் வந்த முடிவு ஆபரேஷனுக்குச் சாதகமாக இருந்தது. சேர்த்துப் பார்த்தால், ‘அறுந்திருக்கிறதா’ என்று ஸ்கேனிடம் கேட்பதைவிட, ‘நடக்கும்போது, திரும்பும்போது நழுவுகிறதா’ என்று காலிடம் கேட்பதுதான் உபயோகமான கேள்வி.

“பிசியோ போனேன், ஒண்ணும் ஆகல”

இந்தப் புகாரை ஒதுக்கிவிட முடியாது. ‘பத்து நாள் பிசியோ’ என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். போனால் மூட்டில் வயர் ஒட்டி கரன்ட் வைப்பார்கள், ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், வாக்ஸ் ஊற்றுவார்கள். கட்டிலில் படுத்து போனைப் பார்த்துவிட்டு வரலாம். சுகமாக இருக்கும், தசை பலமாகாது. ஆய்வுகளில் ஆபரேஷனுக்கு ஈடு கொடுத்தது இந்த பிசியோ இல்லை. 2016-ல் நார்வேயில் மெனிஸ்கஸ் கிழிந்த 140 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆபரேஷனோடு மோதியது 12 வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எடையைப் படிப்படியாகக் கூட்டிச் செய்த உடற்பயிற்சி. இரண்டு ஆண்டு கழித்து இரண்டும் சமம். பயிற்சிக் குழுவில் ஐந்தில் ஒருவர் பிறகு ஆபரேஷனுக்கு மாறியதும் உண்மைதான். ஐந்தில் நால்வருக்கு அது தேவைப்படவில்லை. ஆகவே பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டியது ‘எத்தனை சிட்டிங்?’ என்பதல்ல. எந்தத் தசைக்கு என்ன பயிற்சி, எவ்வளவு எடை, எப்போது கூட்டுவது என்று எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

இனி அந்த இன்ஷூரன்ஸ் கேள்விக்கு வரலாம். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், அல்லது பட்டியலில் உள்ள டே கேர் ஆபரேஷனுக்குத் தரும். வெளிநோயாளியாகப் போய்ச் செய்யும் பிசியோதெரபிக்குச் சொந்தக் காசுதான். விநோதம் என்னவென்றால், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் அதே பிசியோதெரபிக்குப் பல பாலிசிகளில் குறிப்பிட்ட நாள் வரை பணம் கிடைக்கும். அதாவது, முதலில் வெட்டிக்கொண்டால் பயிற்சிக்கும் காசு வரும், வெட்டாமல் பயிற்சி செய்தால் வராது. மூன்று மாதம் கைக்காசு போட்டு, லீவ் கேட்டு, டிராஃபிக்கில் பிசியோவுக்கு அலைவதா, கேஷ்லெஸ்ஸில் ஒரே நாளில் முடிப்பதா என்று வந்தால் பலர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது தெரிந்ததே. டாக்டரின் பேராசை, நோயாளியின் அவசரம் என்று ஆளுக்கு ஆள் குற்றம் சொல்வதில் பயன் குறைவு. பணம் எந்தப் பக்கம் பாய்கிறதோ, சிகிச்சையும் அந்தப் பக்கமே சாய்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதும் ஒரு பகுதி. பிசியோதெரபி ஒரு சிகிச்சை, அதற்கும் செலவு செய்ய வேண்டும் என்று அரசுத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊழியர்களுக்காகக் குழுக் காப்பீடு வாங்கும் கம்பெனிகளும் இதைக் கேட்டு வாங்க முடியும். வெளிநோயாளி செலவையும் சேர்க்கும் பாலிசிகள் சந்தையில் இருக்கின்றன. குழு பாலிசி ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதற்கு முன்பு எச்.ஆருக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு மெயில் போட்டாலும் போதும், பேச்சாவது தொடங்கும். அதுவரை, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவர் டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: “மூணு மாசம் ஒழுங்கா எக்ஸர்சைஸ் பண்ணிட்டு வந்து முடிவு பண்ணினா, எனக்கு ஏதாவது நஷ்டம் இருக்கா டாக்டர்?” பூட்டிக்கொண்ட முழங்காலுக்கு ‘இருக்கு’ என்று பதில் வரும். படி இறங்கும்போது மட்டும் வலிக்கும் முழங்காலுக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் வர வேண்டும்.