தலையெழுத்தும் தலைக்காயமும்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பிழைத்து வந்தவனைப் பார்க்கப் போகிறவர்கள், "ஏதோ தலையெழுத்து, உயிராவது தப்பிற்றே" என்று சொல்லி ஒரு சீப்புப் பழத்தை வைத்துவிட்டு வருவது வழக்கமாயிருக்கிறது. அந்த எழுத்தை எழுதினவன் எல்லோருக்கும் அநேகமாய் ஒரே இடத்திலேயே எழுதுவானேன் என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள். இரண்டு சக்கர வண்டியில் வந்தவனுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே முறிவு. அவ்விடத்து எலும்பின் முன்பக்கத்தில் சதை கிடையாது, தோல் மட்டுமே. ஆகவே முறிந்த எலும்பு வெளியே நீட்டிக்கொள்ளுகிறது, ரோட்டு மண் புகுந்து சீழ் பிடிக்கிறது. நடந்து போனவனுக்கோ காரின் முன்பக்கம் முதலில் காலில் மோதுகிறது. பிறகு தலை கண்ணாடியிலோ தரையிலோ மோதுகிறது. இதில் ராசியுமில்லை, நட்சத்திரமுமில்லை.

2022-ம் வருஷத்து சர்க்கார் கணக்குப்படி இந்தியாவில் ரோட்டு விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். காயத்தோடு தப்பினவர்கள் 4,43,366 பேர். மாண்டவர்களைப்பற்றி யாவரும் பேசுகிறார்கள். நாம் தப்பினவர்களைப்பற்றிப் பேச ஆசைப்படுகிறோம்.

காலிலே கட்டோடு வீட்டுக்கு வந்தவன் சில நாளில் வேறு மனிதனாகிவிடுகிறான். சாந்தமாயிருந்தவன் பெண்டு பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறான். காலையில் சொன்னதை மாலையில் மறக்கிறான். வேலைக்குப் போனால் கணக்குத் தப்புகிறது. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளை அடிபட்டால் இப்படித்தான் ஆகும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். வீட்டார் சொல்லுவதோ, "அந்தப் புளியமரத்தடியில் முன்பு செத்தவன் இவனைப் பிடித்துக்கொண்டான்" என்பது. உடனே மந்திரவாதி, வேப்பிலை, சேவல்! காலை உடைத்த லாரியை நம்புகிறவர்கள், அதே லாரி மூளையையும் குலுக்கியிருக்கும் என்று நம்ப மறுப்பது என்ன அறிவோ தெரியவில்லை.

இன்னும் கொடுமை ஒன்றுண்டு. சிலருக்கு, முக்கியமாய் வயதானவர்களுக்கு, மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்து, சில வாரங் கழித்துத்தான் தலைவலியும், குழப்பமும், ஒரு பக்கத்துக் கைகால் தளர்ச்சியும் வரும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்; மண்டையில் சிறு துளையிட்டு வடித்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். துளையிட வேண்டிய வாரத்தில் தாயத்துக் கட்டினால், அதற்குப் பெயர் பக்தியா, கொலையா?

நிற்க, ஹெல்மெட் தலைக்காயத்தை 100-க்கு 69 பங்கு குறைப்பதாகப் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். அதைப் பெட்ரோல் டாங்கின்மேல் மாட்டிக்கொண்டு, ஹாண்டிலில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிப் போகிறார்கள் நமது வாலிபர்கள். ஆயுத பூஜையன்று நடு ரோட்டில் உடைக்கும் பூசணிக்காயோ வருஷந்தோறும் சிலரை வழுக்கி விழச் செய்கிறது. வண்டிக்குத் திருஷ்டி கழிந்தது. பின்னால் வந்தவனுக்குக் கால் முறிந்தது!

விபத்தில் தலை அடிபட்டவன் வீட்டிலிருந்தால், அவன் பேச்சும் கோபமும் முன்போலிருக்கிறதா என்று மூன்று மாதமாவது கவனியுங்கள். மாறியிருந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போய், விழுந்த தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.